சூடு தெரியாத உள்ளங்கை

1. நடந்து வந்த செய்தி

காலை பதினொன்று இருபதுக்கு வாட்ச்மேன் சங்கரலிங்கம் அண்ணாச்சி கேட்டிலிருந்து என்னை நோக்கி நடந்து வந்தார். பட்டாசுத் தொழிற்சாலைக்குள் யாரும் ஓடக் கூடாது. ஒருவர் ஓடினால் காரணம் தெரியாமல் எல்லாரும் ஓடுவார்கள். ஓடுகிற கால் எதையாவது தட்டிவிடும். அதனால் எங்களுக்கு எவ்வளவு கெட்ட செய்தியானாலும் நடந்துதான் வரும். அண்ணாச்சி இரண்டு கைகளையும் விறைப்பாகத் தொங்கவிட்டுக்கொண்டு, ஓட்டத்துக்கு ஒரு பிடி குறைவான வேகத்தில் வந்தார். நானும் அவரை நோக்கி நடந்தேன்.

ஆமத்தூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் நான் போர்மேன். வேதியியலில் பட்டம் வாங்கிவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்தவன். வெடிமருந்து கலப்பதிலிருந்து அதை அடைத்து முடிப்பது வரை என் பொறுப்பு. செல்போனைக் கேட் ரூமிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்பதால், வேலை நேரத்தில் வெளியுலகம் எனக்கு அண்ணாச்சி வழியாகத்தான் வரும்.

"போர்மேன் சார், பதறாம கேளுங்க. பாப்பா பள்ளிக்கூடத்துல இருந்து போனு. பாப்பாவுக்குக் கை வெந்துருக்காம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாகளாம்."

"கை வெந்துச்சா? எப்படியாம்?"

"அதை உங்ககிட்டதான் கேக்கணும்னு சொல்றாக."

எங்களுக்கு ஒரே பிள்ளை. பெயர் தர்ஷினி. ஒன்றாம் வகுப்பு. எனக்கு நாற்பது வயது ஆன பிறகு பிறந்தவள். அன்று காலை திருத்தங்கலில் எங்கள் வீட்டிலிருந்து அவளை நான்தான் பைக்கில் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு வந்தேன். நன்றாகத்தான் இருந்தாள்.

உடனே கிளம்ப முடியவில்லை. காலையில் கலந்த மருந்து இரண்டு ரூம்களில் இன்னும் அடைபடாமல் இருந்தது. கலந்த மருந்தைக் கேட்பாரில்லாமல் விட்டுவிட்டு போர்மேன் கேட்டைத் தாண்டக் கூடாது. இன்னொரு போர்மேன் அன்று லீவு. மீதி மருந்தை அடைத்து முடித்து ஆட்களை வெளியே அனுப்பும் வரை நான் ரூம் வாசலில் நின்றேன். உள்ளே மாரியம்மாள் என்ற பெண் தலை நிமிராமல் சொன்னார்: "சார், நீங்க அங்கன நின்னு கால மாத்தி மாத்தி வைக்காதீக. உங்க அவசரம் எங்க கைக்கு வந்துரும்." நான் கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி நின்றேன். என் வேலைக்காலத்தில் அதைவிட நீளமான நேரம் எனக்கு இருந்ததில்லை.

வேலை முடிந்ததும் தொட்டியில் குளித்து, உடை மாற்றிக்கொண்டுதான் நாங்கள் வெளியே போவோம். நாங்கள் சில்வர் என்று சொல்கிற அலுமினியப் பவுடர் முடியிலும் நகக்கண்ணிலும் ஏறியிருக்கும். அதை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. அன்று நான் குளிக்கவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் பைக்கை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனதும், காலையில் வரும்போது வந்த அதே கருகிய வாடை மறுபடியும் வந்தது. சைலன்சரில் ஏதோ பாலித்தீன் பை ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2. கவுனில் ஒட்டிய சில்வர்

ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து தர்ஷினி காலை ஆட்டிக்கொண்டு இடது கையால் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். வலது உள்ளங்கை விரிந்து மடியில் கிடந்தது. நான்கு விரல்களின் உட்புறமும் உள்ளங்கையும் தோல் உரிந்து, விளிம்பில் கறுப்பேறி இருந்தன. நான் தொழிற்சாலையில் தீக்காயம் பார்த்தவன். அப்படி வெந்த கையோடு பெரிய ஆம்பளைகள் கத்துகிற கத்தலைக் கேட்டிருக்கிறேன். என் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"அப்பா, எனக்குப் பாட்டில்ல ஜூஸ் வாங்கிக் குடுத்தாக."

அப்படியே அவளைத் தூக்கி அணைத்துக்கொண்டேன்.

வகுப்பு டீச்சர் எஸ்தர் பக்கத்தில் நின்றார். வழக்கமாக என்னோடு நன்றாகப் பேசுகிறவர். அன்று ஓர் அடி தள்ளியே நின்று பேசினார்.

"காலையில இருந்து இந்தக் கையாலதான் எழுதிக்கிட்டு இருந்திருக்கா சார். நோட்டு நனைஞ்சிருக்கேன்னு பார்த்தேன். கொப்புளம் உடைஞ்சு வந்த தண்ணி. ஏன் டீச்சர்கிட்ட சொல்லலன்னு கேட்டா, எதைச் சொல்லணும்னு கேக்குறா. அதான் குழந்தைக உதவி எண்ணுக்குப் போன் பண்ணிட்டேன். நான் பண்ணித்தான் ஆகணும் சார்."

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, இப்போதும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு சின்னப்பிள்ளையின் கை வெந்திருந்தால் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான். யாரோ வீட்டுக்குள் ரகசியமாக மருந்து வைத்துப் பிள்ளையை வேலைக்கு உட்கார்த்தியிருக்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். டீச்சர் நினைத்தது தவறான நினைப்பில்லை. அது எங்கள் வீட்டு விஷயத்தில் மட்டும் தவறாகப் போனது.

எஸ்.ஐ. வந்தார். ஐம்பதை நெருங்கும் ஆள், அமைதியான குரல். முதலில் என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன வேலை பாக்குறீக?"

"பயர் ஆபீஸ்ல போர்மேன்." பட்டாசுத் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

"சரிதான். பிள்ளை கவுன்ல மினுமினுன்னு இருக்கே, அது என்ன?"

அப்போதுதான் பார்த்தேன். அவளுடைய நீலக் கவுனின் தோள், முதுகு, தலைமுடி எல்லாம் அலுமினியப் பவுடர்.

"நான் இப்பத் தூக்குனதுல ஒட்டியிருக்கு சார். வேலையில இருந்து குளிக்காம வந்துட்டேன்."

"இத்தன வருஷம் குளிச்சுட்டுப் போற ஆளு, இன்னிக்கு மட்டும் குளிக்கல." அவர் சத்தம் போடவே இல்லை. "போர்மேனுக்கு மருந்து கலக்கத் தெரியும். வீட்டுல சின்னக் கையி இருக்கு, திரி சொருகத் தோதா. நான் ஒண்ணும் புதுசா கதை கட்டல. இந்தக் கதைய நாலு வீட்டுல பாத்தாச்சு."

என் மனைவி செல்வி அதுவரை சுவரோடு ஒட்டி நின்றாள். அவள் என் அக்கா மகள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். "மாமா, வீட்டை வேணும்னா வந்து பாக்கச் சொல்லுங்க," என்றாள். எஸ்.ஐ. ஏற்கனவே இரண்டு போலீஸாரை எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்.

குழந்தைகள் டாக்டர் பிரபாகர் இளைஞர். பிள்ளையின் உடம்பை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றாகக் கேட்டார். முழங்காலுக்குக் கீழே இஸ்திரிப்பெட்டி முனை மாதிரி ஒரு தழும்பு. நாக்கின் ஓரத்தில் கடித்துப் பிய்ந்த பள்ளம். இடது சுண்டுவிரல் நுனி மழுங்கியிருந்தது. கால் வீங்கின மாதிரி இருக்கிறதே என்று எக்ஸ்ரே எடுத்தார். பாதத்தில் எலும்பு உடைந்து தானாகவே கூடியிருந்தது.

"இது எப்ப உடைஞ்சது?"

"உடைஞ்சதா?" என்றாள் செல்வி.

எல்லாக் கேள்விக்கும் எங்கள் பதில் அதே மாதிரிதான் இருந்தது. பல் முளைத்த நாளிலிருந்து நாக்கைக் கடிப்பாள், விரலைக் கடிப்பாள். கெட்ட பழக்கம் என்று வேப்பெண்ணெய் தடவினோம். ஓடியாடி விழுகிற முரட்டுப் பிள்ளை, அழாத பிள்ளை என்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறோம். அதையெல்லாம் அந்த வார்டில் வைத்துச் சொன்னபோது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது.

"பாப்பா, கை வலிக்குதாம்மா?" என்று எஸ்.ஐ. குனிந்து கேட்டார்.

"வலிக்கல."

"பாத்தீகளா டாக்டர்? சொல்லிக் குடுத்துத்தான் கூட்டியாந்திருக்காக." பிறகு என் பக்கம் திரும்பினார். "விருதுநகர்ல இருந்து குழந்தைகள் நலக் குழு மேடம் சாயங்காலம் வருவாக. வந்து பாத்துட்டு உத்தரவு போட்டா, பிள்ளை இன்னிக்குக் காப்பகத்துக்குப் போயிரும். விசாரணை முடியிற வரைக்கும் அங்கனதான்."

செல்வி போய்ப் பிள்ளையின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள்.

3. வண்டியைப் பிடித்துக்கொண்டு

கையில் மருந்து தடவிக் கட்டுப் போடும்போது டாக்டர் பேச்சுக்கொடுத்தார். "தர்ஷினி, இன்னிக்குக் காலையில என்னென்ன பண்ணுன?"

"அப்பா வண்டியில வந்தேன். இறங்குனேன். ஷூ வார் அவுந்துருச்சு. வண்டியப் பிடிச்சுக்கிட்டு மாட்டுனேன். அப்புறம் பிரேயர்."

"வண்டியில எங்க பிடிச்ச?"

அவள் யோசித்துவிட்டு, "கீழ. நீளமா, உருண்டையா இருக்கும்ல, அது," என்றாள்.

"அப்பா என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு?"

"டீச்சர்கிட்ட மழை வருமான்னு பேசிக்கிட்டு இருந்தாரு."

எஸ்தர் டீச்சர் மெதுவாக, "ஆமா, கேட்டுல நின்னு பேசுனோம்," என்றார். என்னைப் பார்க்கவில்லை.

எஸ்.ஐ. என்னிடம் வண்டி நம்பரைக் கேட்டுக்கொண்டு கீழே போனார். திரும்பி வந்தபோது கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சைலன்சர்ல பிள்ளை தோலு ஒட்டியிருக்கு," என்றார்.

ஆமத்தூரிலிருந்து நான் சுவாசித்துக்கொண்டு வந்த வாடை அதுதான். கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். முகம் கழுவிக்கொண்டு வந்தபோது மனதின் ஒரு ஓரத்தில், இனி நம்மை விட்டுவிடுவார்கள் என்று ஒரு நிம்மதியும் இருந்தது. வீட்டுக்குப் போன போலீஸாரும் ஒன்றும் இல்லை என்று போன் பண்ணிவிட்டார்கள்.

எஸ்.ஐ. நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தார்.

"மருந்து இல்ல, சைலன்சர்தான்னு ஒத்துக்கிறேன். இப்ப நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. நான் தெரியாம சுடுசோத்துல விரல வச்சாலே வெடுக்குன்னு எடுத்துருதேன். எந்தப் பிள்ளை கொதிக்கிற சைலன்சரப் பிடிச்சுக்கிட்டு நிதானமா வார் மாட்டும்? தோலு உரிஞ்சு ஒட்டுற வரைக்கும் கை அங்கனயே இருந்திருக்குன்னா, யாரோ பிடிச்சு வச்சிருக்கணும். பிடிச்சு வச்சது யாரு?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. மருந்து வைத்திருந்தவன் என்ற குற்றத்திலிருந்து, பெற்ற பிள்ளையின் கையைச் சைலன்சரில் அழுத்தியவன் என்ற இடத்துக்கு நான் வந்துவிட்டேன்.

4. காதுகுத்து வீடியோ

மதியத்துக்கு மேல் பிள்ளைக்கு உடம்பு கொதித்தது. வார்டில் ஃபேன் ஓடினாலும் வெக்கை. டிரிப் ஏற்ற வேண்டும் என்று நர்ஸ் ஜெசிந்தா வந்தார். வழக்கம்போல ஒருவரைக் கையைப் பிடிக்கச் சொல்லி, ஒருவரை முகத்தை மறைக்கச் சொன்னார். தர்ஷினி முகத்தை விலக்கி ஊசி உள்ளே போவதைப் பார்த்தாள். நரம்பு கிடைக்காமல் ஜெசிந்தா எடுத்து எடுத்துக் குத்த வேண்டியிருந்தது.

"சிஸ்டர், இங்கன பச்சையாத் தெரியுதே, இதுல குத்துங்க," என்றாள் பிள்ளை.

ஜெசிந்தா ஊசியை வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். "டாக்டர், பயந்து போன பிள்ளை விறைச்சுக்கிட்டு இருக்கும். அடிவாங்குற பிள்ளை கண்ண மூடிக்கிட்டு இருக்கும். இவ எங்கன குத்தணும்னு எனக்கே ஐடியா குடுக்குறா."

டாக்டர் பிரபாகர் வந்து, ஊசி குத்திய இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு செல்வியிடம் ஒரு கேள்வி கேட்டார். அன்று முழுக்க யாரும் கேட்காத கேள்வி.

"அம்மா, இவளுக்குக் காது குத்துனப்ப அழுதாளா?"

செல்வி நிமிர்ந்தாள். "இல்ல டாக்டர். அழவே இல்ல. வீடியோகூட இருக்கு."

எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் கல்யாணம் மாதிரி. ஊரையே கூப்பிட்டு, கறிச்சோறு போட்டு, தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்து ஆசாரி காது குத்துவார். பிள்ளை வீறிட்டு அழும், அதற்கு முன்கூட்டியே நாலு பேர் வாழைப்பழமும் மிட்டாயுமாகச் சுற்றி நிற்பார்கள். செல்வி தன் போனில் வீடியோவைத் தேடி எடுத்துக் கொடுத்தாள். டாக்டர், ஜெசிந்தா, எஸ்.ஐ. மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

செல்வியின் தம்பி மடியில் ஒரு வயதுப் பிள்ளை. ஆசாரி வலது காதில் கம்பியைச் செருகுகிறார். பிள்ளை அவருடைய மூக்குக்கண்ணாடியை எட்டிப் பிடிக்கிறது. இடது காது. பிள்ளை அப்போதும் கண்ணாடியையே பார்க்கிறது. சுற்றி நிற்கிறவர்கள் சிரிக்கிறார்கள். "ஏலே, மாமன் மடி ராசிலே. பிள்ளைக்கு வலியே தெரியல," என்று ஒரு குரல். என் அப்பா பெயரைச் சொல்லி இன்னொரு குரல், "வீரபாண்டி பேத்தி பின்ன எப்படி இருப்பா?" என்னுடைய குரலும் அதில் இருக்கிறது. "என் மகளாக்கும்," என்கிறேன்.

டாக்டர் அதைத் திரும்பவும் ஒருமுறை ஓடவிட்டார். பிறகு எங்களிடம், "இவளுக்கு வேர்க்குமா?" என்று கேட்டார்.

வெயில் காலம் வந்தால் இவளுக்குக் காரணமே இல்லாமல் காய்ச்சல் வரும். ஈரத்துண்டைப் போர்த்தி உட்காரவைப்போம். சட்டை நனைந்து பார்த்ததாக எனக்கு நினைவே இல்லை. செல்வியும் இல்லை என்று தலையாட்டினாள்.

டாக்டர் என் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அயோடினைத் தடவினார். பிள்ளையின் நல்ல கையிலும் அதே அளவு தடவினார். காய்ந்ததும் மேலே ஸ்டார்ச் மாவைத் தூவினார். வேர்வை பட்டால் நீலக்கறுப்பாக மாறும் என்றார். வார்டின் வெக்கையில் என் கையில் முதலில் புள்ளி புள்ளியாக, பிறகு மை கொட்டியது மாதிரி நிறம் மாறியது. அவளுடைய கை அயோடின் மஞ்சளும் வெள்ளை மாவுமாக அப்படியே இருந்தது. உடம்பு மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு பேரும் கையக் கழுவாதீக," என்றார் டாக்டர். "மேடம் வந்து பாக்கட்டும்."

5. கருவில் நடந்தது

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுத்தான் சொன்னார்.

"கரு உண்டாகி முதுகுப்பக்கம் ஒரு தகடு மாதிரி இருக்கும். அது மடிஞ்சு குழாயா மூடும். அதுதான் பின்னால தண்டுவடம். மூடுற விளிம்புல இருந்து கொஞ்ச செல்லுக கழண்டு வெளிய நடக்கும். சிலது முதுகெலும்புக்கு ரெண்டு பக்கமும் முடிச்சு முடிச்சாத் தங்கிரும். முட்டைக்குள்ள கோழிக்குஞ்சுக்கும் இதே மாதிரிதான், எலிக்கும் இதே மாதிரிதான், நமக்கும் இதேதான். அந்த முடிச்சுக்குள்ள ஒரு ஜீன் வேலை செஞ்சா, நீ நரம்பு செல்லுன்னு ஆகும். அடுத்து வர்ற ஜீனுக ஆளப் பிரிச்சு விடும். தொடுறது தெரிய ஒரு கூட்டம். கை கால் எங்கன இருக்குன்னு தெரிய ஒரு கூட்டம். வலியும் சூடும் தெரிய ஒரு கூட்டம்."

"இவளுக்குத் தொட்டாத் தெரியும் டாக்டர். தூங்கும்போது தலையத் தொட்டாலே முழிப்பா," என்றாள் செல்வி.

"தெரியும்மா. அந்தக் கூட்டம் நல்லா இருக்கு. வலிக்கான செல்லு பிறந்து, இழைய நீட்டிக்கிட்டுத் தோல் வரைக்கும் வரும். தோல் ஒரு பொருளச் சுரக்கும். அதை வாங்குனாத்தான் அந்தச் செல்லு உசுரோட இருக்கும். வாங்குறதுக்கு அது மேல ஒரு ரிசப்டர் வேணும். அந்த ரிசப்டரச் செய்யிற ஜீன் இவளுக்குப் பழுதா இருக்கும்னு நினைக்கிறேன். வேர்வைச் சுரப்பிக்குப் போற நரம்புக்கும் அதே ரிசப்டர்தான் வேணும். அதான் வேர்வையும் இல்ல, வேர்க்காம உடம்புச் சூடு இறங்க வழியும் இல்ல."

"லோடு வந்து கேட்டுல நிக்குது. இறக்குறதுக்கு ஆளில்ல," என்றேன்.

"அதேதான் சார். காத்திருந்து காத்திருந்து அந்தச் செல்லுக எல்லாம் கருவிலயே செத்துப்போச்சு."

செல்வி அவருடைய படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் மாசமா இருக்கும்போது ஏதாவது தப்பாச் சாப்பிட்டிருப்பேனா டாக்டர்? மாமா வேலைச் சட்டையத் துவைச்சது நான்தான்."

"நீங்க ஒண்ணுமே பண்ணல. இதோட ஆரம்பம், நாள் தள்ளிப்போச்சேன்னு நீங்க சந்தேகப்படுற சமயம். ஜீனோட பழுது அதுக்கும் முன்னாலயே இருக்கு. ஒரு நகல் அம்மாகிட்ட இருந்து, ஒரு நகல் அப்பாகிட்ட இருந்து. ஒத்த நகல் பழுதா இருந்தா ஆளுக்கு ஒண்ணும் தெரியாது. உங்க ரெண்டு பேருக்கும் ஒத்தை ஒத்தை. நீங்க சொந்தத்துல கட்டுனவுகளா?"

"என் அக்கா மக," என்றேன்.

டாக்டர் தலையை மட்டும் அசைத்தார்.

எஸ்.ஐ. அந்தப் படத்தைக் கையில் எடுத்துப் பார்த்தார். "டாக்டர், இதை ரத்தத்துல நிரூபிக்க முடியுமா?"

"முடியும். வெளியூருக்கு அனுப்பணும். முடிவு வரப் பல வாரம் ஆகும்."

"பல வாரம்," என்றார் எஸ்.ஐ. "மேடம் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துருவாக. அவுககிட்ட நான் வீடியோவையும் மாவையும்தான் காட்டணும். காப்பகத்துல சேக்குறதுதான் வழக்கம். நான் எழுதி அனுப்பியாச்சு. மாத்துறது அவுக கையில."

6. எங்கள் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு

மேடத்துக்காகக் காத்திருந்த அந்த நேரத்தில் ஒன்று எனக்கு உறைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் குறிப்பைப் புதிதாகப் போர்மேன் ஆகிறவர்கள் படிப்பார்கள் என்று நம்பி எழுதுகிறேன்.

புது ஆட்களுக்குப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கும்போது, "சுட்டா உடனே கைய எடு, சொல்லு," என்று நாம் சொல்கிறோம். நமது பாதுகாப்பில் பாதிக்கு மேல் ஆளுடைய தோல் செய்கிற வேலை. அந்தத் தோல் எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யும் என்று நான் எண்ணியிருந்தேன். சர்க்கரை நோய் முற்றிய பெண்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாது என்று தெரிந்தும், அவர்களிடமும் வாயால் கேட்டுவிட்டு நகர்ந்திருக்கிறேன். இப்போது நான் கேட்பதில்லை, பார்க்கிறேன். சாயங்காலம் குளித்து வரும்போது எல்லாரும் கையையும் பாதத்தையும் காட்டிவிட்டுத்தான் கேட்டைத் தாண்டுகிறார்கள். முதலில் சிரித்தார்கள். மாரியம்மாள், "பொண்ணு பாக்க வந்தவுக மாதிரி பாக்குறாரு," என்றார். இப்போது அவரே மற்றவர்களின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

இன்னொன்று. காயத்தைப் பார்த்ததும் காரணத்தைச் சொல்லிவிடாதீர்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்குக் காரணம் முதலிலேயே தயாராக இருக்கும். அன்று எல்லாரிடமும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என்னிடமும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடத்தில் யாரோ கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று டீச்சரைத் திட்டிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன்.

7. மேடம்

பொழுது சாயத் தொடங்கியும் அவர் வரவில்லை. சாத்தூர் பக்கம் வேறொரு விசாரணையில் இருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் இன்னும் ஏறியது. உதடு காய்ந்து, கண் செருகத் தொடங்கியது. ஈரத்துணி போடலாமா என்று ஜெசிந்தா கேட்டார். கையில் இருக்கும் மாவு கரைந்துவிடாமல் பார்த்துப் போடுங்கள் என்றார் டாக்டர். செல்வி தன் முந்தானையை நனைத்துப் பிள்ளையின் நெற்றியிலும் கழுத்திலும் மட்டும் ஒற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் பிள்ளையின் சூடு, ஒரு பக்கம் அந்த மஞ்சள் கை. எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. எஸ்.ஐ. எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

மேடம் ஒல்லியான பெண்மணி. காட்டன் சேலை, தோளில் ஒரு கனத்த பை. வெக்கையில் வந்ததில் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. எஸ்.ஐ. சொல்வதை நின்றுகொண்டே கேட்டார். டாக்டர் சொல்வதையும் கேட்டார். காதுகுத்து வீடியோவைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார், பிள்ளையின் கையைப் பார்த்தார். பிறகு தன் வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு டாக்டரிடம் கையை நீட்டினார்.

"எனக்கும் தடவுங்க."

டாக்டர் தடவினார். காயும் வரை மேடம் கையை நீட்டியபடியே நின்றார். மாவைத் தூவியதும் அவருடைய கை நீலக்கறுப்பாகிக்கொண்டே வந்தது. அந்தக் கையைப் பிள்ளையின் கையோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். மறு கையால் அவளுடைய கழுத்தைத் தொட்டார், உடனே எடுத்துக்கொண்டார்.

"இம்புட்டுச் சூட்டோட இந்தப் பிள்ளைய எதுக்குக் காய வச்சிருக்கீக? எனக்குக் காட்டுறதுக்கா?" என்று எங்கள் எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

பிறகு எஸ்.ஐ. பக்கம் திரும்பினார். "காப்பகத்துல ஒரு ரூம்ல இருபது பிள்ளைக. கரண்ட் போனா ஃபேன் கிடையாது. இவளுக்குக் காய்ச்சல்னு இவளே சொல்ல மாட்டா, வேற யாருக்கும் தெரியாது. அந்தப் பொறுப்ப நான் எடுக்க மாட்டேன். இவ அம்மாகிட்டயே இருக்கட்டும்."

செல்வியின் கையிலிருந்து நனைந்த முந்தானை நழுவியது. மேடம் அதை எடுத்து அவளிடமே கொடுத்தார்.

"நீங்க என்னம்மா பாத்துக்கிட்டே இருக்கீக? பிள்ளையத் தூக்கிட்டுப் போயி, கட்டுப் போட்ட கைய மட்டும் மேல பிடிச்சுக்கிட்டு, குழாய்க்கு அடியில உக்கார வைங்க. நாளைக்குக் காலையில நான் உங்க வீட்டுக்கு வருவேன். அடுப்பு, இஸ்திரிப்பெட்டி, சுடுதண்ணி, வண்டி, எல்லாம் எங்கங்க இருக்குன்னு எனக்குக் காட்டணும்."